கட்டில் காலில் ஒரு தட்டல்

அருங்காட்சியகத்தில் அவரை வண்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பூச்சி அறையில் வண்டுகளை ஊசியில் குத்தி, ஒவ்வொன்றின் கீழும் பொடி எழுத்தில் சீட்டு எழுதியே தலை நரைத்தவர். "கல்யாணப் பொண்ணையே பூதக்கண்ணாடி வெச்சுத்தான் பாத்தாராம்" என்று கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மனைவி கடைசிக் காலத்தில் படுத்த படுக்கை. பேச்சும் நின்றுவிட்டது. ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தை விரல் முட்டியால் தட்டுவாள். "இதோ வந்துட்டேன்" என்று எழுந்து போவார். தட்டித் தட்டி அந்த முட்டி காய்த்துப் போயிருந்தது.

அவள் போன பிறகும் கட்டில் தட்டியது.

முதல் தடவை அவர் "இதோ வந்துட்டேன்" என்று பாதி அறை நடந்துவிட்டார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

பார்க்க வந்த மகளுக்கும் அது கேட்டது. "அப்பா, இந்தக் கட்டிலத் தூக்கிப் போட்டுடலாம்பா. அம்மா தட்டுற மாதிரியே இருக்கு."

"மரத்துக்குள்ள வண்டும்மா. ஜோடி தேடி நெத்தியால முட்டும். அவ்வளவுதான்."

"அப்போ உங்க முகம் ஏன் வெளிறிப் போச்சு?"

அவர் குனிந்து கட்டில் விரிப்பைச் சரிசெய்தார்.

ஒரு நாள் கட்டில் காலின் துளையில் அதன் தலை தெரிந்தது. கண்ணுக்குப் பின்னால் மெல்லிய மஞ்சள் பட்டை. பூச்சி அறையின் எந்த இழுப்பறையிலும் அப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. அருங்காட்சியக இயக்குநர் அம்மாவிடம் சொன்னார்.

"புதுசா இருந்தா அதிர்ஷ்டந்தான் சார். ஆனா உடம்பு வேணுமே. ஊசியில ஏத்தின உடம்பு இல்லாம பேர் வைக்க முடியாது. நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அதையே சொன்னவர் அவர்.

கட்டில் காலைப் பிளக்க மனம் வரவில்லை. துளையின் பக்கத்தில் பென்சிலால் தட்டினார். உள்ளிருந்து பதில் வந்தது. மறுபடி தட்டினார். ஜோடி கூப்பிடுகிறது என்று நம்பி அது துளையை விட்டு வெளியே வந்து, நேராக அவர் பிடித்திருந்த சீசாவுக்குள் நடந்தது.

மறுநாள் அதை ஊசியில் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து எழுதினார். உடல் பழுப்பு; இறக்கை மூடியில் நீளவாக்கில் வரிகள்; ஆண். நெற்றி நடுவே மயிர் உதிர்ந்து, தேய்ந்து, காய்த்த ஒரு வட்டம். அந்த வரியை எழுதி முடித்ததும் கண்ணை எடுத்துவிட்டார். வெகுநேரம் திரும்பக் குனியவில்லை.

விவரிப்பைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார். இனிமேலாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்று கட்டிலில் உட்கார்ந்தார்.

தட்டல் கேட்டது. இந்த முறை எதிர்ப்பக்கக் காலிலிருந்து, நிதானமாக. தட்டிவிட்டு நின்றது, பதிலுக்குக் காத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து தொலைபேசி அடித்தது. இயக்குநர் அம்மா. "பிரமாதம் சார்! பெண் வண்டு ஒண்ணும் மாட்டினா விவரிப்பு முழுசாயிடும். கிடைக்குமா?"

சட்டைப் பையில் பென்சில் இருந்தது. நாலு தட்டு போதும், வந்துவிடும். யாருக்காகத் தட்டுகிறதோ அவன் ஊசியில் இருப்பது அதற்குத் தெரியாது.

"கிடைக்காதும்மா. கட்டில்ல இப்போ ஒண்ணுமில்ல" என்றார். எழுத்திலும் சரி, பேச்சிலும் சரி, வண்டு விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது.

தொலைபேசியை வைத்ததும் மறுபடி தட்டல். "இதோ" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார். விரல்கள் தாமாகப் பதில் தட்டிவிடுமோ என்று பயந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டார்.

கட்டில் தட்டிக்கொண்டே இருந்தது.