கறுப்பு வண்டியின் உயரம்

நான் உண்மை பேசிக் கெடுத்த காரியம் ஒன்று உண்டு. இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது.

அப்பாவின் பழைய மொபெட் ஓய்ந்துபோனதால், புது பைக் வாங்கக் கிளியனூரிலிருந்து குடும்பமே திண்டிவனம் ஷோரூமுக்குப் போயிருந்தோம். அம்மாவின் அண்ணனான மாமாவும் விழுப்புரத்திலிருந்து வந்துவிட்டார். மாமா ஆறடி. அப்பா அவர் தோளுக்குத்தான் வருவார். வாசலில் இரண்டு வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். சிவப்பு வண்டியில் அப்பா உட்கார்ந்தபோது இரண்டு குதிகாலும் தரையில் படிந்தன. ஹேண்டில் கைக்கு வாகாக இருந்தது. கறுப்பு வண்டியில் ஏறினால் கால்விரல்தான் தரையைத் தொட்டது, ஹேண்டிலுக்காக முதுகும் குனிந்தது. மாமாவுக்கோ அது அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது.

“இதான் மாப்ள கெத்து. அது வயசானவங்க ஓட்ற வண்டி” என்றார் மாமா.

அப்பா கறுப்பு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கேட்டார். நான் டேங்க் மேல். அம்மா ஆறு மாதத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்புவதற்காகப் புதுச்சேரி ரோட்டோரம் அப்பா நிறுத்தினார். அம்மாவின் பாரம் முழுக்க இடப்பக்கம். அப்பாவின் இடது கால் தரையைத் தேடியது. ஜல்லியில் விரல் வழுக்கி வண்டி சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போனது. பின்னால் லாரி ஹாரன். அம்மா தம்பியை மார்போடு அணைத்தபடி சட்டென்று குதித்துவிட்டாள். பாரம் குறைந்ததும் அப்பா தொடையால் முட்டுக்கொடுத்து வண்டியை நிமிர்த்தினார். அம்மா மறுபடி ஏறிக்கொள்ள, ஷோரூமுக்குத் திரும்பினோம்.

“என்ன மாப்ள, இதையே பில் போட சொல்லட்டா?” என்றார் மாமா.

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “வேணாண்ணா. புள்ளைய வச்சிக்கினு எனக்குத்தான் அம்மாம் ஒசரம் ஏற முடியல. அந்தச் செவப்பே போதும்.”

அப்பாவின் முகம் இளகியது. சிவப்பு வண்டிப் பக்கம் நகரக்கூடச் செய்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பொய்யே சொல்லாத பிள்ளை என்று வகுப்பில் பெயர் வாங்கியவள் நான்.

“அம்மா நல்லாத்தான் ஏறுச்சு மாமா. அப்பாவுக்குத்தான் கால் எட்டல. வண்டி கீழ உழப் பாத்துச்சு.”

மாமா வாய்விட்டுச் சிரித்தார். விற்பனைக்காரர் குனிந்துகொண்டார். அப்பா யாரையும் பார்க்கவில்லை.

“கறுப்பையே போடுங்க” என்றார்.

அந்த வண்டி எங்கள் வீட்டில் ஒன்பது வருடம் ஓடியது. ஒருமுறைகூட விழவில்லை. எதிரே நெரிசல் தெரிந்தால் போதும், அம்மா மேடான இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்வாள். “காலு மரத்துப்போச்சுங்க. நீங்க போங்க, நான் நடந்துக்கினு வர்றேன்” என்று தம்பியோடு இறங்கிவிடுவாள். நெரிசலைத் தாண்டி நாங்கள் நின்றிருப்போம். அவள் வெயிலில் நடந்து வருவாள்.

அம்மாவுக்கு ஏன் இப்படி அடிக்கடி கால் மரத்துப்போகிறது, ஒரு டாக்டரிடம் காட்டக் கூடாதா என்று அந்த வயதில் அப்பாவிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் துணியை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விடுவார்.