இரண்டு சர்வர்களுக்கு ஒரே பரண்

நெதர்லாந்துக்கு வந்து இத்தனை நாளாகியும் அலுவலக மதிய உணவு எனக்குப் பழகவில்லை. எல்லோரும் ஒரே மேசையில்தான் உட்காருவார்கள்; ஆனால் அவரவர் ரொட்டி அவரவர் டப்பாவில். கொஞ்சம் எடுத்துக்கொள் என்று ஒரு கை நீளாது. நாங்கள் நடத்திய புகைப்பட இணையதளமும் அப்படித்தான் இருந்தது. இரண்டு லினக்ஸ் சர்வர்கள். பார்க்க வருகிறவர்களை லோட் பேலன்சர் என்ற வாசல்காரன் இரண்டுக்கும் மாற்றி மாற்றி அனுப்பும். ஒன்றில் ஏற்றிய படம் அதன் டிஸ்கிலேயே கிடக்கும். மற்றதற்குப் பிரதி போய்ச்சேர நேரமாகும்.

மகள் பிறந்ததும் அவள் படத்தை அதில்தான் ஏற்றினேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்கா பஸ் ஏறி, திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தாள். ஆசையாக மறுபடி திறந்தபோது, பிரதி போய்ச்சேராத மற்ற சர்வருக்கு அனுப்பப்பட்டாள்; படம் இல்லை. அன்று போனில் அவள் குரலே மாறியிருந்தது.

"என் கண்ணு பட்டுடும்னு எடுத்துட்டியாடா?"

அக்காவுக்குக் குழந்தை இல்லை. சீமந்த வீடுகளில் வளையல் போடும்போது ஏதாவது வேலை சொல்லி அவளை அப்பால் அனுப்பிவிடுவார்கள். அம்மா மல்லாட்டை, அதான் நிலக்கடலை, பிடுங்கப் போன நாட்களில் என்னை இடுப்பில் சுமந்தவள் அவள். அவளா என் மகளுக்குக் கண் வைப்பாள்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

யான் என்ற டச்சுக்கார மேலாளரிடம் சொன்னேன். நீ எடுக்கவில்லை என்று சொல்லிவிடேன் என்றார். இங்கே சொன்னால் முடிந்தது. எங்கள் ஊரில் மறுக்க மறுக்கச் சந்தேகம் ஜாஸ்தியாகும். இதை அவருக்கு விளக்க என்னால் முடியவில்லை. நல்லவேளையாக, படம் காணாமல் போகிறது என்று வாடிக்கையாளர்களும் புலம்பிக்கொண்டிருந்தார்கள்; அது அவருக்குப் புரிந்தது.

நெட்வொர்க்கில் பெரிய சேமிப்பகம் ஒன்றை வைத்து, இரண்டு சர்வர்களையும் அதோடு இணைத்தோம். அது படுத்துவிட்டால் எல்லாம் போச்சே என்று யான் பயந்தார். ஒவ்வொரு டிஸ்குக்கும் துணையாக இன்னொன்று வைத்தோம். இனி யார் எந்த வாசல் வழியாக வந்தாலும் பொருள் எடுப்பது ஒரே பரணிலிருந்துதான்.

போக மாட்டேன் என்ற அக்காவைக் கெஞ்சி, ஒரு சனிக்கிழமை அனுப்பினேன். சென்டரிலிருந்தே கூப்பிட்டாள்.

"எத்தினி வாட்டி அமுக்கினாலும் கொழந்த அப்படியே இருக்குதுடா. என்னையே பாக்குது."

"நல்லா பாருக்கா. உன் கண்ணு பட்டாத்தான் அவ நல்லா வளருவா."

அக்கா போனை வைக்கவேயில்லை. இங்கே என் தோளில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கே, மலையடிவாரத்தில், கண் விழித்து அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.