இரண்டாவது துவக்கை அடையாளம் கண்டவர்

ஞாயிறு பூசைக்கு நான் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் பங்கைச் சேர்ந்த பிலோமினா, பலெர்மோவின் ஒரேத்தோ பகுதியிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, மரியதாஸ் அண்ணை மோசம் போயிட்டார். காலமை எழும்பேக்கை நெஞ்சு நோகுது எண்டவராம்." அவர் இறந்த செய்தி கேட்டு, அன்று நான் பிந்தித்தான் கோயிலுக்குப் போனேன். அப்படிப் பிந்துவது என் வழக்கமல்ல.

உங்களில் பலருக்கு அவர் திருநாளில் பந்தல் கட்டுபவர். நான் ஒன்பது வருடம் அவரோடு ஒரே வீட்டில் வேலை செய்தவள். மக்வேதா வீதிக்கு அருகில், ஒரு சட்டத்தரணியின் வீடு. அவ்வக்காத்தோ என்று நாங்கள் சொல்வது அவரைத்தான். சமையலும் இஸ்திரியும் எனக்கு, மற்றதெல்லாம் மரியதாசுக்கு. நான் மடித்த விரிப்புகளைப் பார்த்து, "மோட்சத்துக்குப் போனாலும் நீங்கள் சும்மா இருக்கமாட்டியள், அக்கா. சம்மனசின்ரை செட்டையையும் அயன் பண்ணுவியள்" என்பார். நான் சிரிக்காமல் இருக்கப் பாடுபடுவேன்.

அவ்வக்காத்தோ பழைய துவக்குகள் சேர்ப்பவர். அவருடைய பாட்டனார் இங்கிலாந்தில் சோடியாகச் செய்வித்த இரட்டைக்குழல் துவக்குகளில் முதலாவது அவரிடம் இருந்தது. போர்க்காலத்தில் காணாமற்போன இரண்டாவதை இளமை முதல் தேடிவந்தார். சனிக்கிழமைகளில் முதலாவதின் மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் தேய்ப்பது மரியதாசின் வேலை. துணி கூடாது, உள்ளங்கைச் சூடுதான் வேண்டும் என்பார். "பார்க்கிறவைக்கு இது துவக்கு. தேய்க்கிற எனக்கு மரம்."

ஒருநாள் கபோ சந்தையில் பழைய சாமான் விற்கும் கிழவர் கம்பளியில் சுற்றி ஒரு துவக்கைக் கொண்டுவந்தார். அதன் எண்களை யாரோ அரத்தால் அராவியிருந்தார்கள். விருந்துக்கு வந்திருந்த, துவக்குகளை நன்கறிந்த நண்பர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அதுவல்ல" என்றார். அவ்வக்காத்தோவின் முகம் வாடிவிட்டது. கிழவர் கம்பளியை எடுத்தார்.

கோப்பித் தட்டோடு நின்ற என் காதருகே மரியதாஸ், "அக்கா, அதுதான் இது" என்றார்.

"வாயை மூடிக்கொண்டு நில்லும். நாளைக்கு உமக்குக் கையெழுத்து வேணும்."

மன்னாரிலிருந்து மரியதாசின் மனைவியையும் இரு பெண்பிள்ளைகளையும் அழைக்கும் பத்திரங்களில் அவ்வக்காத்தோ ஒப்பமிட வேண்டியிருந்தது. விருந்தினர் முன் வேலைக்காரர் பேசுவதை அந்த வீடு பொறுக்காது. முன்பிருந்தவர் அதற்காகவே நிறுத்தப்பட்டவர்.

மரியதாஸ் அலுமாரியைத் திறந்து முதலாவது துவக்கை எடுத்தார். இரண்டு பிடிகளையும் அருகருகே வைத்தார். "சிஞ்ஞோரே, ஒரே மரம்" என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னார். ஒன்றின் ரேகைகள் விட்ட இடத்தில் மற்றதன் ரேகைகள் தொடங்கின. சோடித் துவக்குகளுக்கு ஒரே பலகையில் பிடி வெட்டுவது உண்டு என்று நண்பரும் ஒப்புக்கொண்டார். மரத்தைக் கழற்றினார்கள். உள்ளே, அரம் எட்டாத இரும்பில், முதலாவதின் எண்ணுக்கு அடுத்த எண் இருந்தது.

அவ்வக்காத்தோ அழுதார். நண்பர் அவரைத் தழுவி, "உனக்கு என்ன கண்!" என்றார். மரியதாஸ் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார்.

"கண்டுபிடிச்சது நீரெல்லோ? ஏன் பேசாமல் வந்தனீர்?" என்று குசினியில் கேட்டேன்.

"முதல் கதைக்காதை எண்டியள். இப்ப கதை எண்டிறியள். ஒரு முடிவுக்கு வாங்கோ, அக்கா."

மறுநாள் ஒப்பம் கிடைத்தது. மனைவியும் பிள்ளைகளும் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தார்கள். அவ்வக்காத்தோவின் கண்ணைப் பற்றிய கதை மட்டும் அந்த வீட்டில் நிலைத்துவிட்டது. விருந்தினர் கேட்டபோதெல்லாம் நானும் தலையாட்டினேன்.

அவரிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். அன்று நான் அஞ்சியது அவருடைய பத்திரத்துக்காக மட்டுமல்ல. அந்த வேலைக்கு அவரைச் சிபாரிசு செய்தவள் நான். என் பெயர் கெட்டுவிடும் என்றும் அஞ்சினேன். கன்னியர் மடத்தில் பொய் சொல்லாதே என்று படித்த எனக்கு, மௌனமும் பொய்யாகலாம் என்பது தெரியாமற் போயிற்று.

அடக்கத்துக்கு மறுநாள் அந்த வீட்டுக்கு வந்த புதிய விருந்தினர் ஒருவர் அதே கண்ணைப் புகழ்ந்தார். "அதை அடையாளம் கண்டவர் மரியதாஸ்" என்றேன், பிழையில்லாத இத்தாலியனில். அவ்வக்காத்தோ கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு விருந்தினர் பக்கம் திரும்பி, "உண்மை. அவர்தான்" என்றார்.

யாரும் கேளாதபோதும் உண்மையைச் சொல்லலாம் என்ற துணிவைத்தான் மரியதாசிடமிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு அது பிந்தித்தான் வந்தது.