ஒரே டேக் அக்கா

சமையலறையில் ஒரு டம்ளர் உருண்டு விழுந்தது. அடுத்த கணமே வீடு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

துணி அலமாரிக்குள் உட்கார்ந்திருந்தவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். பக்கங்களில் பழைய மெத்தைத் துண்டுகள், தலைக்கு மேல் கம்பளி, நடுவே ஒரு மைக்கும் முக்காலியும். அந்த அலமாரிதான் அவளுடைய ஒலிப்பதிவுக் கூடம்.

"என்னடி ஆச்சு?"

அலமாரிக் கதவு லேசாகத் திறந்தது. மகள் எட்டிப் பார்த்தாள்.

"கை தவறிடுச்சும்மா. டேக் கெட்டுப்போச்சா?" கிசுகிசுப்பாகக் கேட்டாள்.

"சத்தமாத்தான் பேசேன். ஒண்ணும் குடி முழுகிடல."

"பழக்கம்மா." அதையும் கிசுகிசுப்பாகவே சொன்னாள்.

அந்தப் பழக்கத்தை ஊட்டி வளர்த்தவள் அம்மாதான். ஒரு காலத்தில் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, "அடுத்தவங்க உள்ளே வரலாம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அவள். கன்னம் வீங்கி வந்திருந்த விளம்பரப் பட இயக்குநர் ஒருவர், வலியோடு வலியாகச் சொன்னார்: "நீங்க கூப்பிட்டா பல்லைப் பிடுங்கிக்கவே ஆசையா எழுந்து போறாங்க. சோப்பு வாங்க வரமாட்டாங்களா?" அந்தச் சோப்புதான் ஆரம்பம்.

கணவன் போனபோது மகளுக்கு ஐந்து வயது. குழந்தையை விட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குப் போக வழியில்லை. அதனால் ஸ்டூடியோவை அலமாரிக்குள் கொண்டுவந்தாள். தெருச் சத்தம் நுழையாமலிருக்க வாசற்கதவின் விளிம்பெல்லாம் கனத்த கம்பளிப் பட்டை ஒட்டினாள். ஐஸ்கிரீமை மறந்தாள். தினமும் விடியலில் செய்தித்தாளை உரக்கப் படித்து நாக்கைப் பழக்கினாள். 'முடியாது' என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. வங்கியின் தொலைபேசியில் அவள், லிஃப்டில் அவள், பேருந்துகளில் அவள். எதையும் முதல் தடவையிலேயே சரியாகச் சொல்லிவிடுவதால், 'ஒரே டேக் அக்கா' என்றால்தான் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

அலமாரிக்கு வெளியே அந்தக் குழந்தையும் ஒரு கலை கற்றது. தலையணைக்கு அடியில் வைத்து பிஸ்கட் பொட்டலம் பிரிக்க. பூனைபோல நடக்க. வாயை மூடிக்கொண்டு அழ.

இப்போது வெளியூரில் இருக்கும் மகளுக்கு இன்னும் வெகு தூரத்தில் புது வேலை. குளிருக்கான துணிகளை எடுத்துப்போகக் காலையில் வந்தாள். சாயங்காலப் பேருந்தில் கிளம்புகிறாள். இனி எப்போது வருவாளோ! ஒரே ஒரு ராத்திரி தங்கச் சொல்ல வேண்டும் என்று தாய் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு கேட்கலாம் என்றிருந்தபோது போன் வந்தது. ஒரு மெத்தை விளம்பரம், உடனே வேண்டும். வெளியூர் மகனிடம் ஒரு தாய் சொல்லும் ஒரே வரி: 'இன்னிக்கு ராத்திரி இங்கேயே தூங்கிட்டுப் போயேன், கண்ணா.'

அந்த ஒரு வரி இன்று வரவே மாட்டேன் என்றது.

"மேடம், ஏக்கம் வேணும், அழுகை வேண்டாம்," என்றார் அந்த விளம்பரத்தின் இயக்குநர் போனில். "மெத்தை விக்கணும் பாருங்க."

"கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வரேன் சார்," என்று அலமாரியை விட்டு வெளியே வந்தாள்.

மகள் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ஒரே டேக் அக்காவுக்கே இன்னிக்கு இத்தனை டேக்கா? பேரைக் கெடுத்துக்காத."

தாய் சிரிக்கவில்லை. மகள் மடித்துக்கொண்டிருந்த ஸ்வெட்டரின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா... இன்னிக்கு ஒரு ராத்திரி இங்கேயே இருந்துட்டுப் போயேன்."

எத்தனை வருடப் பயிற்சி! நெஞ்சு வெடித்துச் சொன்னதுகூட ஏற்ற இறக்கத்தோடு, பிசிறில்லாமல், பட்டுப்போல வந்து விழுந்தது.

மகளின் கண் கலங்கியது. கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

"யம்மாடி! இதாம்மா, இதேதான்! அப்பிடியே போய் மைக்ல சொல்லிடு. மெத்தை லாரி லாரியா போகும்!"

தாய் அவளையே பார்த்தாள். பிறகு ஸ்வெட்டரை விட்டுவிட்டு உள்ளே போனாள். சொன்னாள். ஒரே டேக்.

"இதைத்தான் கேட்டேன் மேடம்!" என்று கத்தினார் இயக்குநர்.

வெளியே வந்தபோது மகளின் தோளில் பை ஏறியிருந்தது.

"ஒண்ணு சொல்லவாம்மா? சிரிக்கக் கூடாது. இதுவரைக்கும் நான் இருந்த ஊர் பஸ்ல உன் குரல்தான் வரும். 'அடுத்த நிறுத்தம்'னு நீ சொல்றதைக் கேட்டுக்கிட்டே எத்தனையோ தடவை என் ஸ்டாப்பைத் தாண்டிப் போயிருக்கேன். புது ஊர்ல என்ன பண்ணுவேன்னு தெரியல."

"அடி லூசு," என்றாள் தாய். இன்னொரு முறை கேட்க நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் திரும்பச் சொன்னால் அது நடிப்பாகிவிடாதா? அதைத்தான் ஏற்கெனவே மெத்தைக்காரனுக்குக் கொடுத்தாகிவிட்டதே!

மகள் கன்னத்தோடு கன்னம் வைத்தாள். வெளியே போய், ஐந்து வயதில் கற்றுக்கொடுத்தபடியே, கைப்பிடியைத் திருகிப் பிடித்துக்கொண்டு, வாசற்கதவை மெல்ல மெல்ல இழுத்தாள். ஒரு முறையாவது படாரென்று சாத்த மாட்டாளா என்று தாய் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"இருடி!" என்றாள் திடீரென்று. கரகரத்து, உடைந்து, எந்த ஸ்டூடியோவும் ஏற்காத ஒரு குரல்.

அதற்குள் கம்பளிப் பட்டை நிலையோடு ஒட்டிவிட்டது. கதவு ஓசையில்லாமல் மூடிக்கொண்டது.