சிரிக்கிற மூஞ்சிக்கு ஆசைப்பட்ட மீனம்மாள்

பிள்ளைப்பாக்கத்து மீனம்மாளை ஏமாற்றியவர்கள் என்று யாரும் கிடையாது. அவள் எப்போதும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் இருப்பாள். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட் போட்டு நான்கு ரூம் கட்டி, ஒரகடத்துக் கம்பெனிகளுக்குப் போகும் தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். ரூமுக்கு இரண்டு பேர். மூன்றாவது தலை தெரிந்தால் மூன்று பேரும் பெட்டியோடு வெளியே.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு தாள் வந்தது. மின்சாரச் சிக்கனம் சொல்ல வந்த ஒரு தொண்டு அமைப்பின் கவிப்பிரியா அதை வீடு வீடாகக் கொடுத்தாள். தெருவில் மற்றவர்களைவிடக் குறைவாகக் கரண்ட் செலவழித்தால் அதில் சிரிக்கிற மூஞ்சிப் படம், கூடினால் அழுகிற மூஞ்சி. புத்தி சொன்னால் எவரும் கேட்பதில்லை, ரோஷம் வந்தால் சுவிட்சை அணைப்பார்கள் என்பது படித்தவர்கள் கண்ட சூட்சுமம். எதிர்வீட்டு இசைவாணி தன் சிரிப்பைக் கதவிலேயே ஒட்டிவிட்டாள். மீனம்மாளுக்கு அழுகை.

"நான் மட்டும் ஊரு கரண்ட்டெல்லாம் குடிக்கிறேனா? எவனோ என் லைன்ல கை வெச்சிக்கினு கீறான்."

"ரூம்ல எத்தன பேர் இருக்காங்கக்கா?" என்று கேட்டாள் கவிப்பிரியா.

"அத்த ஏன் நீ கேக்குற?"

மறுநாள் காலை, பையன்கள் எல்லாரும் ஷிப்டுக்குப் போன பிறகு, பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நின்றாள். சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. ரூம்களின் பீஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கடைசி ரூமில் குடியிருந்த பேச்சிராஜின் கட்டையைப் பிடுங்கியதும் விளக்கு நின்றது. அந்த ரூமிலோ வெளியே பூட்டு தொங்கியது, ஜன்னலை அட்டைப்பெட்டி மறைத்திருந்தது. பயல் வயர் இழுத்து யாருக்கோ கரண்ட் விற்கிறான் என்று முடிவுகட்டினாள். கேட்டால் உஷாராகிவிடுவான். அதனால் தினமும் அவன் போனதும் கட்டையைப் பிடுங்குவாள், வருவதற்குள் மாட்டிவிடுவாள்.

சித்திரை வெயில் கொளுத்தியது. மூன்றாம் நாள் மதியம் அந்த ரூமுக்குள் குடம் உருளும் சத்தம் கேட்டது. பூட்டிய ரூமில் குடம் எப்படி உருளும்? கடப்பாரையால் பூட்டை உடைத்தாள்.

உள்ளே அனல். ஈரத்துண்டை மார்பில் போட்டபடி ஒருவன் தரையில் கிடந்தான். உதடு வெடித்திருந்தது.

"எவன்டா நீ?"

"பேச்சிராஜ் தம்பிக்கா, வனமாமலை. நைட் ஷிப்ட்டு. பகல்ல உறங்குததுக்கு அண்ணன் வெளிய பூட்டிட்டுப் போவான்."

"மூணு நாளா வெந்துக்கினு கெடந்தியே, ஒரு கொரல் குடுத்தா இன்னா?"

"சத்தம் போட்டா மூணு பேரையும் வெளிய அனுப்பிருவியள்லா."

எதிலும் திருட்டைத் தேடிய மீனம்மாளுக்கு இப்போது தன்மேல்தான் பயம் வந்தது. ஓடிப்போய்க் கட்டையை மாட்டினாள். உப்புப் போட்ட மோரைச் சொம்போடு கொண்டுவந்து, அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த தாளிலும் அழுகிற மூஞ்சிதான். எதிர்வீட்டு வாசலில் இசைவாணி சிரித்தாள். மீனம்மாள் தாளைத் தன் கதவில் ஒட்டிவிட்டு, கவிப்பிரியாவைக் கூப்பிட்டாள்.

"எத்தினி பேருன்னு கேட்டியே, எழுதிக்கோ. கடைசி ரூம்ல மூணு பேரு. ஒருத்தன் பகல்ல தூங்குவான், பேன் ஓடத்தான் செய்யும்."