ஜீப்புக்கு அடியில் இருபத்திரண்டு நிமிடம்

அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனசு வரவில்லை. மறுபடி போட்டுப் பார்க்கத் தைரியமும் இல்லை. கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை.

என் பெயர் செந்தமிழன். அந்தமானில், கராச்சர்மாவில், நானும் தௌபீக்கும் சேர்ந்து பதினோரு வருஷமாக ஒரு ஜீப் ஒர்க்‌ஷாப் நடத்தினோம். நான் வண்டிக்கு அடியில் படுப்பேன். அவன் மேலே நிற்பான். ஜாக்கி போட்டுத் தூக்குவதும், ஜாக்கி இறங்கினாலும் வண்டி விழாதபடி மரக்கட்டை முட்டுக் கொடுப்பதும் அவன் வேலை. கட்டை இருக்கிறதா என்று நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கீழே இருந்து கையை நீட்டி நம்பரைச் சொன்னால் போதும், அந்த ஸ்பேனரைக் கையில் வைப்பான்.

போன டிசம்பரில் அவனுக்கு மூளையில் ரத்தக் கசிவு. சென்னைக்குக் கொண்டு போனார்கள். ஒன்பது நாளாக நினைவே இல்லை. எனக்கு வேறு குடும்பம் கிடையாது, ஷெட்டுக்குப் பின்னால் ஒரு ரூம்தான். அந்த ஒன்பது நாளும் பழக்கத்தில் இரண்டு கிளாஸில் டீ ஊற்றிவிட்டு, ஒன்றைக் கீழே கொட்டிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் கப்பலில் ஒரு பார்சல் வந்தது. அவன் பெயருக்கு. உள்ளே உள்ளங்கை அளவு வயர்லெஸ் கேமரா. ஒன்றரை மாதம் முன்னால் ஆர்டர் போட்டிருக்கிறான். காட்டுப் பாதையில் போகும்போது அடியில் எந்தப் பாறை தட்டுகிறது என்று போனிலேயே பார்க்கலாம், எங்கள் ஜீப்பில் மாட்டியே தீரணும் என்று ஒரே பிடிவாதமாக இருந்தான்.

அன்று மதியம் அவன் மனைவி ஜன்னத் பீவி சென்னையிலிருந்து பேசினாள்.

"அண்ணே, நாளைக்கு ஒரு முடிவு சொல்றேன்னுட்டாரு டாக்டர்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கேமராவை இன்றைக்கே மாட்டி முடித்துவிட்டால் அவன் எழுந்துவிடுவான் என்று ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அவனுக்காகச் செய்ய என்னிடம் வேறு எதுவும் இல்லை.

முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினேன். ஜாக்கி போட்டேன். எங்கள் ஊரில் டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் போய்விடும். ஐந்தே முக்காலுக்குக் கும்மிருட்டு. கேமராவை ஆன் செய்து, முன் ஆக்ஸிலில் கயிற்றால் கட்டிப் பார்த்தேன். படம் போனில் தெளிவாக வந்தது. ரெக்கார்டிங்கும் ஓட ஆரம்பித்தது. நெற்றி டார்ச்சை மாட்டிக்கொண்டு, போனை நெஞ்சில் சாய்த்து வைத்து, அடியில் படுத்தேன்.

தலைக்குப் பின்னால் மெல்லிய சத்தம்.

ஸ்ஸ்ஸ்...

போனில் மணி பார்த்தேன். 5:52. வெளியே தூறல் போல என்று விட்டுவிட்டேன்.

கேமராவைப் பிடிக்கும் கிளாம்பை வைத்து போல்ட்டைக் கையால் திருகினேன். இறுக்க வேண்டும். வலது கையை வெளியே நீட்டினேன்.

"பன்னெண்டு."

ஸ்பேனர் வந்தது. இறுக்கினேன். இரண்டாவது போல்ட் சின்னது.

"பத்து."

அதுவும் வந்தது.

பாதி சுற்றில் என் கை நின்றது.

ஷெட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஸ்பேனர் பெட்டி எட்டடி தள்ளி மேஜையில் இருக்கிறது. நான் அதை எடுத்து வரவே இல்லை. இரும்பு சூடாக இருந்தது, ரொம்ப நேரம் யாரோ பொத்தி வைத்திருந்த மாதிரி.

"யாரு?"



திரும்பிப் பார்க்கப் பயம். போனைப் பார்த்தேன். என் தோளும் வலது கையும் தெரிந்தன. பக்கத்தில் வண்டியின் சேஸிஸ். அதன் அடியில்...

இரண்டு கைகள்.

உள்ளங்கை மேலே பார்த்தபடி, இரும்பைத் தாங்கிக்கொண்டு. நடுங்கிக்கொண்டு. வலது கட்டை விரலில் நகம் இல்லை.

தௌபீக்கின் அந்த நகம் போனபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

தலையைத் திருப்பி நேராகப் பார்த்தேன். வெறும் இரும்பு.

போனில் பார்த்தேன். கைகள். முன்பைவிட அதிகமாக நடுங்கின.

அப்போது காதருகே...

"நிகல்! நிகல்!"

கோபம் வந்தால் அவன் இந்திக்குத் தாவிவிடுவான். வெளியே வா என்கிறான்.

உருண்டேன்.

கால் வெளியே வந்ததும்...

தடார்!

மண் முகத்தில் அடித்தது. ஜீப் நான் படுத்திருந்த இடத்தில் கிடந்தது.

மணி 6:14.

ஆறரைக்கு ஜன்னத் பீவி பேசினாள். பேசவில்லை, அழுதாள். எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று ராத்திரி அந்த ரெக்கார்டிங்கைப் பார்த்தேன். அந்த இரண்டு கைகள் அதில் எங்கும் பதிவாகவில்லை. என் கை வெறுமையாக வெளியே போகிறது, ஸ்பேனரோடு உள்ளே வருகிறது. அவ்வளவுதான். பின்னால் ஜாக்கி தெரிகிறது. 5:52-க்கு எண்ணெய் கசிந்து அது முழுசாக இறங்கிவிட்டது. கட்டை இல்லை. கட்டை வைப்பது அவன் வேலை, எனக்கு அது தோன்றவே இல்லை. இருபத்திரண்டு நிமிடம் ஜீப் எதன் மேலும் நிற்காமல் நின்றிருக்கிறது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பதாம் நாள் அவனுக்காக ஃபாத்திஹா ஓதும் சடங்குக்குப் போயிருந்தபோது, ஜன்னத் பீவி தானாகவே ஆரம்பித்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். பத்து நாளா விரலைக்கூட அசைக்காத மனுஷன்... கடைசி நேரத்துல ரெண்டு கையையும் மேல தூக்கிட்டாரு. எதையோ தாங்குற மாதிரி. நர்ஸுங்க மூணு பேரு புடிச்சும் இறக்க முடியல. வேர்த்துக் கொட்டுது. மணிக்கட்டு ஆடுது. விடவே மாட்டேங்கிறாரு. ஆஸ்பத்திரிச் சீட்டுல நேரம் எழுதியிருக்காங்க. அஞ்சு அம்பத்திரண்டுக்குத் தூக்கினது. ஆறு பதினாலுக்குத் தானா விழுந்துச்சு. அதோட போயிட்டாரு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தாங்கிப் புடிக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் இருந்திருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு. அப்படி எதைண்ணே அவரு புடிச்சிட்டு இருந்தாரு?"

இன்று வரை நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.