கிழக்கே திருப்பிய சர்வர்

சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசைக் கூட்டித் துடைப்பது என் வேலை. எழுத்து தெரியாது, ஆனால் அங்கே எனக்குத் தெரியாத மூலை இல்லை. லாரிகள் போகுமிடம் காட்டும் சர்வர் கம்ப்யூட்டர்கள் ஏசி அறையில் இரண்டு இரும்பு ரேக்குகளில் எதிரெதிரே முகம் பார்த்து நின்றன. ஆயுத பூஜைக்கு முதலாளி மேற்கு பார்த்திருந்ததையும் கிழக்கே திருப்பிவிட்டார்.

பூஜைக்குப் பின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். திருப்பாத ரேக் அடிக்கடி சூடாகி ஓடாமல் நின்றுபோனது.

"இன்னிக்குள்ள சரியாகலீன்னா நாளைக்கு வர வேண்டாம்" என்றார் முதலாளி. அவள் கண் கலங்கிவிட்டது, பாவம்.

நான் துடைத்த ஈரம் ரேக்குகளுக்கு நடுவே மட்டும் நொடியில் காய்ந்தது.

"ஏஞ்சாமி, இதோட முதுகு உடற அனல் அது மூஞ்சில அடிக்குதே! முன்ன ரெண்டும் மூஞ்சியப் பாத்துட்டில்ல நின்னுச்சு?" என்றேன் அவளிடம்.

அவள் கையை நீட்டிப் பார்த்தாள். "ஆமாங்க அம்மாயி! குளுந்த காத்த மூஞ்சில இழுத்து முதுகுல உடுமுங்க. இதப் பழையபடி திருப்போணும்."

"கெழக்கு பாத்ததத் திருப்பறதா?" முதலாளி முறைத்தார்.

"மேக்கு பாத்த சாமியே இருக்குதுங்க, இந்தப் பொட்டிக்கு என்னங்க?" என்றேன்.

சிரித்துவிட்டுத் திருப்பச் சொன்னார். சாயங்காலம்வரை எதுவும் நிற்கவில்லை.

"நாளைக்கு வாரேனுங்க அம்மாயி" என்று கிளம்பினாள். இப்போதெல்லாம் ரேக்குகளுக்கு நடுவே தரை காய நேரமாகிறது. எனக்கு அதுவே சந்தோஷம்.